மேஜருக்குக் காது வெட்டிய கதை

மேஜர் மறுபடியும் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

தேயிலை ஃபேக்டரியின் மாடி ஜன்னல் வழியாகத் தரணிதரன் பார்த்தார். கேட்டுக்கு வெளியே நீலத் தார்ப்பாய். அதன் கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தெய்வம்மாவுக்கும் சின்னம்மைக்கும் நடுவில், முன்னங்கால்களை ஊன்றி, மார்பை நிமிர்த்திக்கொண்டு அந்தக் கறுப்பு டாபர்மேன். 'பாக்கிச் சம்பளத்தைக் கொடு' என்று எழுதிய அட்டையைச் சாய்த்து வைக்க வேறு இடம் கிடைக்காமல் நாயின் மேலேயே சாய்த்திருந்தார்கள். அட்டை விழுந்துவிடக் கூடாதே என்று மேஜர் அசையாமல் இருந்தது.

மேஜை மேல் போன் அடித்தது. கோயமுத்தூரிலிருந்து முதலாளி ஆறுக்குட்டி.

"என்னப்பா தரணி, நம்ம நாயி யாரு பக்கம்?"

"நம்ம பக்கந்தானுங்க."

"இத்தலார்லருந்து ஒருத்தன் போன் பண்ணிச் சொல்றான். அட்டை புடிச்சுட்டு உக்காந்திருக்குதாமா?"

"புடிக்கலீங்க. அட்டைதான் அது மேல சாஞ்சிருக்குதுங்க."

"காவலுக்குத்தான நாயி?" என்று கேட்டுவிட்டு முதலாளி போனை வைத்தார்.

நீலகிரியில் இத்தலார் கிராமத்துக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் தரணிதரன் ஹெட் கிளார்க். தேயிலை விலை சரிந்துகொண்டே போன வருஷங்கள் அவை. ஏலத்துக்குப் போன தூள் மூட்டைகள் கேட்பாரில்லாமல் கிடந்தன. சிறு விவசாயிகள் பறித்த கொழுந்தை வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். வாரத்தில் பாதி நாள் ஓடிக்கொண்டிருந்த ஃபேக்டரி ஒருநாள் ஒரேயடியாக நின்றது. "தற்காலிகமாத்தான்" என்றார் முதலாளி. மேனேஜர் அதை நம்பாமல் அஸ்ஸாமுக்கு வேலை தேடிப் போனார். நாயை விட்டுவிட்டுப் போனார். தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட டீ மேக்கர் போனார், எலக்ட்ரீஷியன் போனார், கேன்டீன்காரரும் போனார்.

"நீ மட்டும் இரு தரணி" என்று முதலாளி சொல்லியிருந்தார். "வெல ஏறின மறுநாளே ஓட்டிரலாம். அது வரைக்கும் மிசினுகளப் பாத்துக்க. அந்தப் பொம்பளைங்க உள்ள பூந்து எதையாச்சும் கழட்டி வித்துருவாங்க."

தரணிதரனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மகள் ராஜப்ரியா கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் இன்னொரு வேலைக்கு எங்கே போவது? ஆகவே அவர் காவல்காரரானார். நாய் வளர்க்கிறவராகவும் ஆனார்.

புத்திசாலி நாய் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அப்படி ஒன்றோடு ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். சமையலறைக் கதவைச் சாத்தினால் மேஜர் கைப்பிடியை மூக்கால் அழுத்தித் திறந்தது. குளிக்க வைக்கப்போகிறார்கள் என்பது வெந்நீர் அடுப்பில் ஏறும்போதே அதற்குத் தெரிந்து, தேயிலைச் செடிகளுக்குள் மறைந்தது. மகளிடம் போனில் "இங்க எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்குது கண்ணு" என்று தரணிதரன் சொல்லும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போனது. அது தற்செயல் என்பார் தரணிதரன். அவர் மனைவி தங்கமணி ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அவர் படியிறங்கி கேட்டுக்குப் போனார்.

"தெய்வம்மா, நாயை எதுக்கு உங்ககூடச் சேர்த்துக்கறீங்க?"

தெய்வம்மா இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். இந்த எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில்தான் கல்யாணம் கட்டினாள், இங்கேயே புருஷனைப் புதைத்தாள்.

"நாங்க கூப்புடலீங்க கிளாக்கரையா. அதுவா வருது. வந்தத போன்னு வெரட்ட ஏலாதுங்களே."

"நீங்க ரொட்டி போடறீங்க."

"எங்களுக்கு இருக்கிறதுல ஒரு துண்டு. அதுவும் எங்களாட்டம் பனியில உக்காந்துதானே இருக்குது."

"இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இப்படி? முதலாளிகிட்ட நான் பேசறேன். எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

"நாங்க எந்திரிக்க ஏலாதுங்க ஐயா" என்றாள் தெய்வம்மா. சின்னம்மை பக்கத்திலிருந்து தலையை ஆட்டினாள்.

பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு தரணிதரன் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். மேஜர் எழுந்ததும் அட்டை கீழே விழுந்தது. அது திரும்பித் திரும்பி அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தது.

முதல் வேலையாகக் கேட்டின் தாழ்ப்பாளை மாற்றினார். ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிய புதுத் தாழ். மேலே தூக்கி, பக்கவாட்டில் தள்ளி, மறுபடி இறக்க வேண்டும். தரணிதரனுக்கே பழக இரண்டு நாள் ஆனது. மேஜர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவர் திறப்பதைப் பார்த்தது. மறுநாள் காலை தூக்கித் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டது. மறுபடி இறக்குவதை மட்டும் அது கற்றுக்கொள்ளவில்லை.

திறந்து கிடந்த கேட் வழியாக ஒரு காட்டெருமை உள்ளே வந்தது. மேனேஜர் வளர்த்த ரோஜாச் செடிகளைத் தின்றுவிட்டு, ஆபீஸ் வராந்தாவில் ஏறி, மழைக்கு ஒதுங்கியது போல நின்றுகொண்டது. தரணிதரன் மாடியில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் வரை அது போகவில்லை. கடைசியில் வெளியே இருந்த பெண்கள்தான் தகர டப்பாவைத் தட்டி அதை விரட்டினார்கள். மேஜரும் அவர்களோடு நின்று குரைத்தது.

"எருமை வந்து ஆபீஸ்ல உக்காந்துச்சாமா?" முதலாளி போனில் கேட்டார்.

"உக்காரலீங்க. நின்னுட்டுத்தான் இருந்துச்சுங்க."

"தரணி, நேத்து என்ற சம்பந்தி ஊட்டுக்குப் போயிருந்தேன். அங்கயும் டாபர்மேன் இருக்குது. காது ரெண்டும் கத்தியாட்டம் நிக்குது. வாலே இல்ல. பாத்தவுடனே எனக்கே வவுத்தக் கலக்கிருச்சு. நம்ம நாய்க்கு ஏன் காது தொங்குது?"

"பொறந்ததுலருந்தே அப்படித்தானுங்க. அதெல்லாம் வெட்டி விடறதுங்க."

"அப்ப வெட்டு. காதத் தொங்கப் போட்டுட்டு வால ஆட்டிட்டு நின்னா எவ பயப்படுவா?"

அன்று மத்தியானம் சாப்பாட்டில் தரணிதரன் விஷயத்தை மெதுவாக எடுத்தார். தங்கமணி ரசத்தை ஊற்றாமல் கரண்டியோடு நின்றாள்.

"ஏனுங்க, காதையா?"

"நுனிய மட்டுந்தான். ஒரு அழகுக்கு."

"அழகுக்கா?" அவள் தலையைச் சாய்த்துத் தன் காதைக் காட்டினாள். தோடு இருந்த இடத்தில் ஒரு துடைப்பக் குச்சி. தோடு ராஜப்ரியாவின் ஹாஸ்டல் கட்டணத்துக்காக அடகுக் கடைக்குப் போயிருந்தது. "இந்த ஊட்டுல யாரு காதுக்கு மொதல்ல அழகு பண்ணோணும்னு பாத்துச் சொல்லுங்க."

தரணிதரன் ரசத்தைத் தானே ஊற்றிக்கொண்டார்.

வெட்டாமலேயே காதை நிற்க வைக்க முடியுமா என்று பார்த்தார். இரண்டு ஐஸ்கிரீம் குச்சி, ஒரு சுருள் பிளாஸ்திரி. காதைத் தூக்கிக் குச்சியை வைத்து ஒட்டும்போது அசையாமல் இருக்க மேஜருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். அடுத்த காதுக்கு இன்னொன்று. தள்ளி நின்று பார்த்தால் பயங்கரமாகத்தான் இருந்தது. கேட்டுக்குக் கூட்டிப்போனார்.

தார்ப்பாய்க்குக் கீழே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சின்னம்மை சொன்னாள்:

"ஐயா மொசல் வளக்குறாரு."

ஃபேக்டரி நின்றதிலிருந்து அந்தப் பெண்கள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேஜருக்கு அது பிடித்துப்போயிற்று. போய் நடுவில் உட்கார்ந்தது. சாயங்காலத்துக்குள் பிளாஸ்திரியைத் தானே உரித்துப்போட்டுவிட்டு, மறுநாள் காலை தரணிதரனிடம் வந்து தலையை மடியில் வைத்து ஒரு காதை நீட்டியது. பிஸ்கட்டுக்காக.

வேறு வழியில்லாமல் நாயைக் கேரட் வேனில் ஏற்றிக்கொண்டு ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் இருந்த கால்நடை டாக்டர் கீர்த்திவாசனிடம் போனார். தங்கமணியும் கூடவே ஏறிக்கொண்டாள்.

டாக்டர் மேஜரின் காதைத் திருப்பிப் பார்த்தார். "எதுக்கு வெட்டணும்?"

"பாத்தா ஒரு பயம் வரோணுமுங்க."

"யாருக்கு?"

"கேட்டுல உக்காந்திருக்கற பொம்பளைங்களுக்குங்க."

"அவங்களுக்கு இத விடப் பெரிய பயமெல்லாம் நெறைய இருக்குமே" என்றார் டாக்டர். "நான் இதெல்லாம் செய்யறதில்லை. செய்யறவங்களும் குட்டியிலதான் செய்வாங்க. இத்தனை வளர்ந்தப்பறம் வெட்டினா காது நிக்காது, கோணிக்கும். இன்னொண்ணு சொல்றேன். நாய்க்குக் காதும் வாலுந்தான் பேச்சு. அத எடுத்துட்டீங்கன்னா அது சந்தோஷமா இருக்கா, கோவமா இருக்கா, வலிக்குதா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. அப்பறம் நீங்களும் பயப்பட வேண்டியதுதான்."

மேஜர் வாலை ஆட்டியது. மேஜை மேல் இருந்த மருந்துப் புட்டி ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

"வாலையாச்சும்..." என்று ஆரம்பித்தார் தரணிதரன்.

"முடியாது."

"அப்ப, வெட்டினா மாதிரி ஒரு சர்ட்டிபிகேட்டு கெடைக்குங்களா?"

வேனில் திரும்பி வரும்போது தங்கமணி வழியெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். மேஜர் காலிக் கேரட் சாக்கு மேல் தலையை வைத்துத் தூங்கியது. தரணிதரன் மட்டும் முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

யோசித்ததில் கிடைத்தவர்தான் சில்வஸ்டர். ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் இருந்தார். ராணுவ நாய்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்று சொல்லிக்கொள்வார். மீசையைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

"காதுல என்ன சார் இருக்கு? குணத்துல இருக்கணும்" என்றார் சில்வஸ்டர். "ஒரு வார்த்தை குடுங்க. அந்த வார்த்தை காதுல விழுந்தா பாயணும். அப்படிப் பழக்கித் தர்றேன். கேட்டுக்கு வர்றவங்க வாயில எப்பவும் வர்ற வார்த்தை எது?"

தரணிதரன் கொஞ்சம் யோசித்தார். "சம்பளம்" என்றார்.

மேஜருக்கு மூன்று பாடம் போதுமாயிருந்தது. 'சம்பளம்' என்று யார் சொன்னாலும் பல்லைக் காட்டி, முடி சிலிர்த்து, கூரை அதிரக் குரைத்தது. அந்தப் பாடத்தின் நன்மை முதலில் வீட்டிலேயே தெரிந்தது. "ஏனுங்க, இந்த மாசமாச்சும் முழுச் சம்பளம்..." என்று தங்கமணி ஆரம்பித்தவுடன் மேஜர் பாய்ந்து வந்தது. பேச்சு அங்கேயே நின்றது. தரணிதரன் அதற்கு ஒரு பிஸ்கட் போட்டார்.

ஆனால் கேட்டில் இருந்தவர்களும் புத்திசாலிகள்தான். முதல் நாள் அலறியடித்துக்கொண்டு எழுந்தார்கள். இரண்டாம் நாள் தெய்வம்மா கம்பி வழியாக, "ஐயா, எங்க 'அது' எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"எது?"

"அதுதாங்க. நீங்க தர வேண்டிய அது."

மேஜர் தெய்வம்மாவைப் பார்த்து வாலை ஆட்டியது. கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய் உட்கார்ந்தது. அட்டையை மறுபடி அதன் மேல் சாய்த்தார்கள்.

அந்த வாரமே முதலாளி முன்னறிவிப்பில்லாமல் காரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கம்பளிக் கோட்டு. தரணிதரன் ஓடி வந்து பக்கத்தில் நின்றார். மேஜரும் ஓடி வந்து அவர் பக்கத்தில் நின்றது. முதலாளி பெண்களைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"தாய்மார்களே! உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. தேயிலைக்கு வெல இல்ல, நானும் உங்களாட்டந்தான் தவிச்சுட்டிருக்கறேன். இன்னிக்கு நீங்க எந்திரிச்சு ஊட்டுக்குப் போனா, கடவுள் சாட்சியாச் சொல்றேன், உங்க சம்..."

"முதலாளி, வேண்டாமுங்க!" என்றார் தரணிதரன்.

"நீ சும்மாயிருப்பா. உங்க சம்பளம்..."

மேஜர் பாய்ந்தது. வேட்டியில் பாதி அதன் வாயோடு வந்தது. முதலாளி கார் கதவைப் பிடித்துத் தொங்கினார். தொடையில் இரண்டு பல் பதிந்திருந்தது. பெண்கள் யாரும் சிரிக்கவில்லை; எல்லோரும் கம்பளியை முகத்தின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கம்பளிகள் மட்டும் குலுங்கின.

காருக்குள் உட்கார்ந்து, மீதி வேட்டியைத் தொடை மேல் சுருட்டிக்கொண்டு முதலாளி மெதுவாகத்தான் பேசினார்.

"அடுத்த வாட்டி நான் போன் பண்றப்ப இந்தக் கேட்டு காலியா இருக்கோணும். இந்த நாய்க்குக் காதும் இருக்கக் கூடாது, வாலும் இருக்கக் கூடாது. பாக்கறவளுக்கு ஈரக்கொலை நடுங்கோணும். இல்லீன்னா உன்ற பொஞ்சாதியக் கூட்டிட்டு நீ ஊடு காலி பண்ணிக்க. நாயச் சுட்டுப்போட நான் ஆள் அனுப்பறேன்."

கார் போய்விட்டது.

அன்று தங்கமணி வாதம் பண்ணவில்லை. அதுதான் தரணிதரனுக்குக் கஷ்டமாயிருந்தது. "சுட்டுப்போடறதுக்குக் காது போறது பரவால்ல பாரு" என்று அவரே சொன்னார். "புள்ளைக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு இருக்குது" என்றும் அவரே சொன்னார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாலையாச்சும் விட்டுருங்க" என்றாள் கடைசியில்.

"சரி. வாலு வேண்டாம். காது மட்டும்."

சில்வஸ்டர் மறுநாள் மத்தியானம் ஒரு தோல் பையோடு வந்தார். இதுவும் ராணுவத்தில் செய்திருப்பதாகச் சொன்னார். ஃபேக்டரிக்குள், கொழுந்து வாட்டும் தட்டுகள் காலியாகக் கிடந்த கூடத்தில், ஒரு பழைய மேஜையைத் துடைத்துப் போட்டார்கள். மேஜரை ஏற்றினார்கள். தரணிதரன் அதன் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். மேஜர் அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு, வழக்கம்போல ஒரு காதை நீட்டியது.

தரணிதரன் சட்டைப் பையைத் தடவினார். பிஸ்கட் எடுத்து வரவில்லை.

ஊசி போட்டதும் மேஜரின் கண் சொருகியது. முழுக்க மூடவில்லை. முதல் காதின்போது அதன் கால் ஒன்று காற்றில் ஓடியது. தரணிதரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பறிக்க ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. இரண்டாவது காது முடிந்ததும், "வெந்நீர் கொண்டு வாங்க சார்" என்றார் சில்வஸ்டர். தரணிதரன் போய் அடுப்பு பற்ற வைத்துக் கொண்டுவந்தார். வந்து பார்த்தபோது மேஜைக்குக் கீழே வாளியில் வாலும் கிடந்தது.

"வாலு வேண்டாம்னு சொன்னனே!"

"ஒரே மயக்கத்துல முடிச்சுட்டேன் சார். இல்லேன்னா நாளைக்கு மறுபடி ஊசி போடணும், நாய்க்குத்தான் கஷ்டம்" என்று கையைக் கழுவினார் சில்வஸ்டர். "வாலுக்குன்னு தனியா ஒண்ணும் கேக்க மாட்டேன்."

தங்கமணி அந்த நாயை எடுத்துக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். மஞ்சள் பத்துப் போட்டாள், பாலை ஸ்பூனால் ஊட்டினாள். தரணிதரன் அறைக்குள் வந்தால் அது எழுந்து போகப் பார்த்தது. எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

புண் ஆறியபோது ஒரு காது நின்றது. இன்னொன்று பாதியில் மடங்கி, மேலே கோணிக்கொண்டு, கொம்பு மாதிரி இருந்தது. முதுகு ஒரு கட்டையில் போய் முடிந்தது. முதலாளி கேட்டதைவிட அதிகமாகவே வந்திருந்தது. தரணிதரனே அதைத் திடீரென்று பார்த்தால் ஒரு எட்டு பின்னால் வைத்தார். அது அவரைப் பார்க்கும்போது என்ன நினைக்கிறது என்று கண்டுபிடிக்க அதன் உடம்பில் எதுவும் மிச்சமில்லை.

ஒருநாள் காலை மேஜர் தானாக எழுந்து கேட்டுக்குப் போனது. தாழ் திறந்துதான் கிடந்தது. அது வெளியே போகவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் பெண்களைப் பார்த்து உட்கார்ந்தது.

"நம்ம மேஜர் வந்திருச்சு" என்றாள் சின்னம்மை. அதற்குள் கோணிய காதைப் பார்த்துவிட்டாள். "என்னாடா செஞ்சாங்க ஒன்னைய?"

அவள் ரொட்டித் துண்டைக் கம்பி வழியாக நீட்டினாள். மேஜர் ரொட்டியை எடுக்கவில்லை. எப்போதும் போல அதன் தலையைத் தடவ அவள் கையை இன்னும் உள்ளே விட்டாள். விரல் காதில் பட்டது.

குரைப்பு இல்லை, உறுமல் இல்லை. கடித்துவிட்டது.

தரணிதரன் ஓடி வருவதற்குள் பெண்கள் அவள் கையை விடுவித்து முந்தானையால் சுற்றியிருந்தார்கள். ரத்தம் கம்பளியில் சொட்டியது. மேஜர் அதே இடத்தில் உடம்பு நடுங்க உட்கார்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வேன் சொல்றேன். ஊசி போட்டுரலாம். அது தெரியாமப் பண்ணிருச்சு" என்றார் தரணிதரன்.

சின்னம்மை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தெய்வம்மா கையைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. நாயின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாங்க ஐயா செஞ்சீங்க?"

தரணிதரன் திறந்து கிடந்த தாழைப் போட்டார்.

"ஒங்க கையால சோறு தின்ன சீவன். அதையே இப்பிடிச் செஞ்சுப்புட்டீங்க. எங்க மேலயா எரங்கப் போறீங்க? இனி நாங்க இங்க இருந்து என்னா ஆகப் போகுது?" அவள் திரும்பி மற்றவர்களிடம் சொன்னாள்: "எந்திரிங்கடி."

தார்ப்பாயின் கயிறுகளை அவிழ்த்தார்கள். அடுப்புக் கற்களை ஓரமாகத் தள்ளினார்கள். சின்னம்மையை நடுவில் தாங்கிக்கொண்டு, வேனுக்காகக் காத்திருக்காமல், பனிக்குள் இறங்கிப் போனார்கள். அட்டை மட்டும் கேட்டில் சாய்ந்தபடி கிடந்தது.

தரணிதரன் மாடிக்கு ஏறினார். மனசு இலேசாகும் என்று எதிர்பார்த்தார், ஆகவில்லை. என்றாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும். போனை எடுத்தார்.

"கேட்டு காலியாயிருச்சுங்க முதலாளி."

"நெசமாவா?"

"ஒருத்தர் இல்லீங்க."

"சபாஷ்!" முதலாளியின் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை அவர் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. "இன்னிக்குத்தாம்ப்பா தரணி நீ எனக்கு வேலை செஞ்சே."

அந்த வார்த்தையைத் தங்கமணியிடம் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தார். அவள் மேஜருக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "எல்லாஞ் சரியாயிருச்சு புள்ள" என்றார். மேஜர் எழுந்து வேறு அறைக்குப் போனது.

மறுநாள் காலை பனி விலகுவதற்கு முன்பே ஹாரன் சத்தம் கேட்டது. தரணிதரன் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். கேட் விரியத் திறந்திருந்தது. மூன்று லாரிகள் உள்ளே நின்றன. பின்னாலேயே ஒரு கிரேன் ஏறி வந்துகொண்டிருந்தது. ஃபேக்டரிக்குள் விளக்கெல்லாம் எரிந்தது. ஸ்பேனர் சத்தமும் சுத்தியல் சத்தமும் கலந்து வந்தன. விலை ஏறிவிட்டது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. நடை தானாக வேகமானது.

முன்லாரியின் டிரைவர் பானெட்டில் சாய்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். மேட்டுப்பாளையத்துக்காரன், பெயர் ரவிக்குமார் என்றான்.

"மிசின ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார் தரணிதரன்.

"ரிப்பேரா? பூராவும் வித்தாச்சுங்க சார். ரோலரு, டிரையரு, மோட்டாரு எல்லாம். கட்டடத்தக்கூட அடுத்த மாசம் இடிக்கறதாப் பேச்சு."

"மிசினு இல்லாம... அப்ப ஃபேக்டரி எப்படி ஓட்டறது? நான் இங்க ஹெட் கிளார்க்குங்க."

"ஓ, நாய்க்காரரு நீங்கதானா?" ரவிக்குமார் பீடியை எறிந்துவிட்டு மரியாதையாக நிமிர்ந்தான். "உங்க நாயப் பத்தி முதலாளி அப்படிச் சொன்னாருங்க சார். அந்தப் பொம்பளைங்க வாசல்ல உக்காந்திருந்த வரைக்கும் அவரால ஒரு ஸ்குரூவக்கூட வெளிய கொண்டுபோக முடியலீங்களே!"